பிடித்த மீனும் சொன்ன மீனும்

கம்மாபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டீக்கடை வாசலில் ஒரு சபை கூடுகிறது. அதற்குத் தலைவர் கிடையாது, காரியதரிசி கிடையாது, சந்தாவும் கிடையாது. தூண்டில்காரர்கள் சபை. நெய்வேலிச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவர் ஒருவர், தையல்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இளைஞர்கள் இரண்டு பேர். வடகிழக்கே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போனவர்கள், தெற்கே வீராணத்துக்குப் போனவர்கள், சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்காகக் கால் கடுக்க நின்றவர்கள், எல்லோரும் அன்று பிடித்ததைச் சொல்ல வருகிறார்கள். பிடித்த மீன் அதற்குள் அடுப்பங்கரைக்குப் போயிருக்கும். டீக்கடைக்கு வருவது கதை மட்டுந்தான்.

இந்தச் சபையில் நான் பேசாத அங்கத்தினன். தூண்டில் பிடிக்கத் தெரியாதவன் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கதை சொல்லும் வித்தையைப் பற்றி நான் படித்த விமரிசனப் புஸ்தகங்களைவிட இந்த டீக்கடை பெஞ்சு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

முதல் பாடம் இது. மீனின் அளவை முதலில் சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை. "ரெண்டு முழம் இருக்கும்" என்று ஆரம்பித்தால் போதும், தையல்காரர் டம்ளருக்குள் பார்க்கத் தொடங்கிவிடுவார். தேர்ந்தவர் அப்படி ஆரம்பிப்பதில்லை. எத்தனை மணிக்குப் போனார், தண்ணீர் கலங்கலா தெளிவா, காற்று எந்தப் பக்கம், தக்கை எப்படி முதலில் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது, மண்புழுவை மாற்றித் தவளையைக் கோத்தது, நரம்பு விரலை அறுத்தது இவ்வளவையும் சொல்வார். அளவு கடைசியில் வரும். சில சமயம் வராமலே போகும். அதற்குள் கேட்பவர்களே ஆளுக்கொரு மீனை மனசுக்குள் வளர்த்திருப்பார்கள். இப்போது இளைஞர்கள் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள். ஆசிரியர் அதைப் பார்த்து, "கையை நீட்டிப் பிடிச்சா கெண்டைகூட கட்லாவாத்தான் தெரியும்" என்றார். படம் எடுத்தவன் பிறகு வார்த்தையால் சொல்லத் தொடங்கினான். சபை அப்போதுதான் காது கொடுத்தது.

நம் இலக்கியத்தில் இந்தத் தூண்டில்காரன் எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஏரிகளின் தேசம் இது. எங்கள் பக்கத்திலோ ஏரிக்குப் புதிய ஊற்றும் உண்டு. 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியைத் தோண்ட வேண்டுமானால், படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கம் குளமாகிவிடும். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. நாலு பக்கமும் கிணறு வற்றியதென்று ஜனங்கள் புலம்பும் கோடையில் அங்கே தக்கை மிதக்கிறது! இதில் எத்தனை நாவல் இருக்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அது ஆரம்பிப்பதே வீராணத்துக் கரையில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கில்தான். வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். பெண்கள் கூட்டம், குழந்தைகள், சித்திரான்னம், ஓடப் பாட்டு எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஓரமாகத் தூண்டிலைப் போட்டுக்கொண்டு, இந்தக் கூச்சலில் மீன் ஓடிவிடுமே என்று சபித்துக்கொண்டிருக்கும் ஒருவனை எனக்கு அங்கே பார்த்ததாக ஞாபகமில்லை. கல்கியைக் குறை சொல்லவில்லை. வந்தியத்தேவனுக்கு அவசரம், தூண்டில்காரனோ அவசரத்துக்கு விரோதி.

இங்கிலீஷ்காரன் விஷயம் வேறு. ஐசக் வால்டன் 1653-லேயே தூண்டிலுக்கு ஒரு சாஸ்திரம் எழுதிவிட்டான். அந்த ஆசையோடு வந்தவர்கள் நம் ஏரியையும் விடவில்லை. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பிறகு 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டாங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொன்று. வரி வசூலிக்கிற கை, மீன் பிடிப்பதைப் பற்றியும் புஸ்தகம் எழுதிற்று. பரம்பரை பரம்பரையாக ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவன் எழுதவில்லை. அவனிடம் நேரம் இருந்தது, மீனும் இருந்தது. அதெல்லாம் எழுதத் தகுந்த விஷயம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

நம்முடைய மீன் கதைகள் மிகப் பெரியவை. அதுதான் சங்கடம். மதுரையில் சிவபெருமானே செம்படவனாக வந்து வலை வீசினார். சிக்கியது சுறாவாகத் திரிந்த நந்தி. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் அதிபத்தர் கிடைத்த மீன்களில் ஒன்றைத் தினமும் இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் அதை விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் வலையில் பொன் மீன் வந்தது, அதையும் விட்டார். சேக்கிழார் கதை சொல்லத் தெரிந்தவர் என்பதற்கு இந்தப் புராணம் ஒன்றே போதும். பொன் மீனை முதலில் காட்டியிருந்தால் அது வெறும் அற்புதமாக நின்றிருக்கும். பட்டினி நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் காட்டுகிறார். டீக்கடைச் சட்டமும் அதுவேதான். ஆனால் பின்னால் வந்த நாம் பட்டினியை மறந்துவிட்டுப் பொன் மீனை மட்டும் பிடித்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மீன் என்றால் அதற்கு ஏதாவது ஒரு பெரிய அர்த்தம் இருந்தே ஆகவேண்டும். வெறும் கெண்டை கெண்டையாக இருக்க நாம் விடுவதில்லை.

இரண்டு நாவல்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' மலையாளத்தில் 1956-ல் வந்தது. தமிழில் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்தோம். பெரிய நாவல் என்பதில் சந்தேகமில்லை. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கை அதன் அச்சு. முடிவில் பழனி நடுக்கடலில் தனியாகச் சுறாவுக்குத் தூண்டில் போடுகிறான். அதே இரவில் கரையில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கிறார்கள். பழனியைச் சுழல் கொண்டுபோகிறது. பிறகு காதலர்களின் உடல்கள் ஒதுங்குகின்றன; வேறொரு கரையில் தூண்டிலை விழுங்கிய சுறாவும் ஒதுங்குகிறது. அத்தோடு கதை முடிகிறது. அந்தச் சுறா எவ்வளவு நீளம்? யாரும் அளக்கவில்லை. தூண்டில் அங்கே விதியின் கருவி. விதியை அளக்க முழக்கோல் கிடையாது.

ஹெமிங்வேயின் கிழவன் கதை 1952-ல் வந்தது. எண்பத்து நான்கு நாள் மீன் இல்லை. பிறகு பெரிய மீன் ஒன்று மாட்டுகிறது. படகைவிட இரண்டு அடி நீளம் என்று கிழவன் நடுக்கடலில் கணக்கிடுகிறான். சாட்சிக்கு யாருமில்லை. சுறாக்கள் தின்றுவிடுகின்றன, கரைக்கு வருவது எலும்புக்கூடு. கிழவன் குடிசையில் தூங்குகிறான். அப்போது ஒரு மீனவன் தண்ணீரில் இறங்கிக் கயிற்றால் அந்த எலும்பை அளக்கிறான். பதினெட்டு அடி! இந்தக் காட்சிக்காகவே முழுப் புஸ்தகமும் எழுதப்பட்டது என்பது என் அபிப்பிராயம். கிழவன் பொய் சொல்லவில்லை என்பதை இன்னொரு தொழிலாளியின் கயிறு சொல்கிறது. பக்கத்தில் நின்ற உல்லாசப் பயணிக்கு அது ஏதோ சுறா என்றே தோன்றுகிறது. ஒரு மீன் பிடித்தவனின் கதையை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பது அந்த இரண்டு பக்கங்களில் இருக்கிறது. சிங்கங்களைக் கனவு காண்பதைப் பற்றி எழுதாத விமரிசகன் இல்லை. கயிற்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

தமிழிலும் கடலை நேராகப் பார்த்தவர்கள் பிற்பாடு வந்தார்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வந்தது. அதில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் உள்ள பகை பிழைப்பின் பகையாகவே இருக்கிறது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தபோது, கடல் தொழிலுக்குத் தமிழில் எத்தனை வார்த்தைகள் உண்டு என்று பலர் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார்கள். இருந்தாலும் இவை கடலும் வலையும். ஏரியும் தூண்டிலும் இன்னும் காத்திருக்கின்றன.

இவ்வளவு சட்டம் பேசுகிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு நாவலில் வேலை இழந்த குமாஸ்தா ஒருவன் ஏரியில் ஒரு விராலைப் பிடிக்கிறான். வீட்டுக்குப் போகும் வழியில், கரையைத் தாண்டுவதற்குள் அது துடிதுடித்துச் செத்துவிடுகிறது. செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நிற்பதோடு அத்தியாயம் முடியும். 'நல்ல குறியீடு' என்று இரண்டு பத்திரிகைகள் எழுதின. எனக்கும் அதில் பெருமைதான். சுரங்கத்து ஷிப்டுக்காரர் அந்த நாவலைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாராட்டப்போகிறார் என்று முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"விரால் அவ்ளோ சீக்கிரம் சாவாது சார்," என்றார். "அது மேல வந்து காத்து குடிக்கிற மீனு. ஈரச் சாக்குல சுத்தி வச்சா ராத்திரி வரைக்கும் இருக்கும். தண்ணிக்குள்ளயே அமுக்கி வச்சாத்தான் மூச்சு முட்டிச் சாவும். அது தானாச் சாவல சார். நீங்க சாவடிச்சிட்டீங்க."

சந்தையில் விராலை உயிரோடு விற்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அலுமினியக் கூடையில் அது புரளும் சத்தம்கூட எனக்குத் தெரியும். இருந்தும் எழுதும்போது என் கண் அதைப் பார்க்கவில்லை. என் குமாஸ்தாவின் துக்கத்துக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, கிடைத்ததைக் கொன்றேன். உண்மையான விரால் எனக்கு எவ்வளவு நல்ல அத்தியாயத்தைக் கொடுத்திருக்கும்! எல்லாம் போய்விட்டது என்று நினைப்பவன் கையில், சாக மறுத்துக்கொண்டே வீடு வரைக்கும் வரும் மீன். மனைவி கேட்கிறாள், "இதை யார் அடிக்கிறது?" இரண்டாம் பதிப்பில் திருத்தலாமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். பக்கம் கூடும் என்றார். முதல் பதிப்பே இன்னும் விற்றுத் தீரவில்லை என்பதை நாகரிகமாக விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஷிப்டுக்காரரின் பேச்சைக் கவனமாகக் கேட்டு வருகிறேன். போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு, அவர் வெறுங்கையோடு வந்தார். வாலாஜா ஏரியில் கோரைக்குப் பக்கத்தில் தவளையைக் கோத்து எறிந்தாராம். தண்ணீருக்கு மேலே சிவப்பாக ஏதோ கொதிப்பது போலத் தெரிந்ததாம். விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். குஞ்சோடு இருக்கும் விரால் பசிக்காகக் கடிப்பதில்லை. கிட்ட வந்ததையெல்லாம் விரட்டக் கடிக்கும். அதனால் அப்போது அதைப் பிடிப்பது சுலபம். கீழேயிருந்து அது கிளம்பி வருவதைப் பார்த்ததும் இவர் தூண்டிலை இழுத்துக்கொண்டார்.

சபை சற்று நேரம் பேசவில்லை. பிடிக்காத மீனுக்கு அத்தாட்சி ஏது? படம் இல்லை, செதிள் இல்லை, குழம்பு வாசனைகூட இல்லை. இளைஞர்களில் ஒருவன் பொறுக்க மாட்டாமல், "எவ்ளோ இருக்கும்ண்ணா?" என்று கேட்டுவிட்டான்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு கையை இறக்கி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"தலையை மட்டுந்தான் பார்த்தேன்," என்றார்.

தையல்காரர் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து, அவருக்கு இன்னொரு டீ போடச் சொன்னார்.