சித்தன்னவாசலைச் சுத்தம் செய்கிறவர்கள்

புதுக்கோட்டைப் பக்கம் மரபு, வரலாறு, சுற்றுலா என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் திரையில் தாமரை பூத்துவிடுகிறது. ஸ்லைடின் ஓரத்தில் தாமரைக்கொடி, தலைப்புக்கு இருபுறமும் அன்னம், வரிகளுக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மீன், மூலையில் கையை வீசி நிற்கும் ஆடற்பெண். எல்லாம் சித்தன்னவாசல் குகை ஓவியத்தைப் பார்த்துக் கணினியில் புதிதாக வரைந்தவை. வரைகிறவர்களில் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்களும் இருக்கிறார்கள். கூடவே ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது: சுவரில் அழிந்துகொண்டிருக்கும் ஓவியத்தை வெக்டர் படமாக்கிவிட்டால் அதற்கு இனி அழிவே இல்லை. இந்த நியாயம் தவறு என்று நெடுநாளாகவே நினைத்து வருகிறேன். மேடைகளில் இதற்குக் கைதட்டல் கூடிக்கொண்டே போவதால் இப்போது எழுதுகிறேன்.

சொந்தமாக வரைவதையே குறை சொல்ல வரவில்லை. மென்பொருளோடு வரும் பற்சக்கரமும், எரியும் பல்பும், கைகுலுக்கும் கோட்டுக்காரர்களும் நம் பாடத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. கண்மாய்ப் பாசனம் பற்றிய ஒரு ஸ்லைடில், கண்மாயிலிருந்து நீர் திறக்கும் குமிழித் தூம்பை ஓர் ஆசிரியர் குறுக்குவெட்டாக வரைந்திருந்தார். பவர்பாயின்டில் இருக்கும் செவ்வகங்களையும் வட்டங்களையும் ஒன்றோடொன்று இணைத்தும் வெட்டியும் உருவாக்கிய படம். நீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள், கீழே கல்பெட்டி, மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளைகள். அடைப்பு மேலே எழும்பியதும் தெளிந்த நீர் ஒரு வழியாகவும் வண்டல் இன்னொரு வழியாகவும் இறங்கி, கரைக்கு அடியில் சேர்ந்து ஓடுகிறது. இந்த மாவட்டத்துக் கண்மாய்களில் இன்றும் அந்தத் தூண்கள் நிற்கின்றன, பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பது அந்தப் படத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உலகத்தின் எந்தப் படக்கிடங்கிலும் அது கிடைக்காது. வரைந்தவர் கைக்கு என் வணக்கம்.

அலங்காரம் கவனத்தைச் சிதறடிக்கிறது என்ற வழக்கமான குற்றச்சாட்டும் என்னுடையதல்ல. தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி 2003-ல் பவர்பாயின்டைச் சாடி எழுதியதிலிருந்து அதைப் பலர் சொல்லிவிட்டார்கள். ஓரத்தில் நாலு தாமரை இருப்பதால் யாருக்கும் பாடம் புரியாமல் போய்விடாது.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சித்தன்னவாசலில் இன்று இருப்பது சிதைந்த ஓவியம். அர்த்தமண்டபத்தின் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. அங்கங்கே வண்ணம் பெயர்ந்து வெறும் பூச்சு தெரிகிறது, யானையும் மீனும் பறவையும் பாதி பாதியாக நிற்கின்றன. அர்த்தமண்டப முகப்புத் தூண்களில் இருக்கும் ஆடற்பெண்களுக்கு இடைக்கு மேலே முகமும் கையும் அணிகளும் ஓரளவு தெரிகின்றன, கீழே பெரும்பகுதி போய்விட்டது. ஸ்லைடுகளிலோ ஆடற்பெண்ணுக்குக் கால் இருக்கிறது. மடிப்பு மடிப்பாக உடை இருக்கிறது, பாதத்தில் சலங்கை இருக்கிறது. அந்தச் சலங்கையை வரைந்தது பாண்டியர் காலத்து ஓவியன் இல்லை. படம் முழுதாகத் தெரியக் கீழ்ப்பாதி வேண்டுமே என்று, கோயில் சிற்பங்களையோ இன்றைய பரதநாட்டியத்தையோ நினைவில் வைத்து யாரோ சேர்த்தது. சேர்த்ததைச் சொல்லவுமில்லை. எஞ்சிய முகத்துக்கும் புதிதாக வந்த காலுக்கும் ஒரே கோடு, ஒரே கனம், ஒரே நிறம்.

இது அழகுக்காகச் செய்யும் சிறு மாற்றம்தானே என்பார்கள். கல்வெட்டுப் படிக்கிறவர்களிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளின் மூலபாடத்தை 1929-லேயே புத்தகமாக வெளியிட்டது. கல்வெட்டுப் பதிப்பு என்றாலே சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைப்பார்கள், ஊகித்துச் சேர்த்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுவார்கள். ஓர் எழுத்துக்கே இந்தக் கவனம். ஓவியம் பழுதுபார்ப்பவர்களிடமும் இதே ஒழுக்கம் உண்டு. இத்தாலியில் செசாரே பிராண்டியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1940-களில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள்: அழிந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது. எட்டி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டே போனால் எது பழையது எது நிரப்பியது என்று கண் பிரித்துவிடும். நம் ஸ்லைடுகளில் எவ்வளவு கிட்டே போனாலும் அது தெரிவதில்லை. வெக்டரை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு அதே வழவழப்போடுதான் இருக்கும்.

நிறத்தின் கதையும் இதுதான். சித்தன்னவாசல் வண்ணங்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து, சுண்ணாம்பு, கரி, காவி, பச்சைமண் என்று மூலப்பொருள்வரை பிரித்துச் சொன்னார். நாமோ இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு புகைப்படத்தின் மேல் மென்பொருளின் நிறமெடுக்கும் துளிக்குழாயை வைத்து அழுத்துகிறோம். அது எந்த விளக்கில் எடுத்தது, எந்தக் கேமரா எவ்வளவு மஞ்சளை ஏற்றியது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. வந்த நிறத்துக்குச் ‘சித்தன்னவாசல் பச்சை’ என்று பெயர் வைத்து எல்லா இலைக்கும் ஒரே சீராக ஊற்றுகிறோம். குளத்தில் பூப்பறிக்கும் மூன்று ஆண்களில் இருவர் கருஞ்சிவப்பு மேனியர், ஒருவர் மஞ்சள் மேனியர். அந்த வேறுபாடு ஏன் என்பது ஆராய வேண்டிய கேள்வி. நான் பார்த்த ஒரு ஸ்லைடில் மூவருக்கும் ஒரே தோல்நிறம். கேள்வியே காணாமல் போயிற்று.

இதே மாவட்டத்துக் குடுமியான்மலையின் நிலை இன்னும் மோசம். அங்குள்ள இசைக் கல்வெட்டைத் தலைப்புப் பக்கத்தின் பின்னணியாகப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏழு பண்களுக்கான சுர வரிசைகள் பல்லவ கிரந்தத்தில் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. சில சுர எழுத்துகளின் தலைமேல் ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் புகைப்படத்தைக் கோட்டோவியமாக மாற்றும்போது ‘ஸ்பெக்கிள்ஸ்’ என்று ஓர் அளவு வைக்கச் சொல்லும். அந்த அளவுக்குச் சிறிய புள்ளிகளை மென்பொருள் தானாகவே தூக்கி எறிந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கு ‘நாய்ஸ்’ என்று பெயர். பாறையின் பொரிகளைத் துடைக்கப்போய்ச் சுரத்தின் புள்ளியையும் துடைத்துவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் விட்டுவைத்ததை ஒரே ஒரு கிளிக்கில் அழித்துவிட்டு, அதை மரபைக் காப்பது என்று வேறு சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கண்ணில் படுவது சித்தன்னவாசல் குகையின் முகப்புச் சின்னம். ‘குடைவரை’ என்று வரும் இடத்திலெல்லாம் அது வந்து நிற்கும்: வரிசையாகத் தூண்கள், மேலே பாறை, கீழே ‘9ஆம் நூற்றாண்டு’. அந்த நூற்றாண்டில் குகையைப் புதுப்பித்து முன்னால் மண்டபம் எழுப்பியதை மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் கல்வெட்டில் சொல்லியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அந்த மண்டபம் இடிந்துபோயிற்று. குகைக்கு முன்னால் இன்று நாம் பார்க்கும் தூண் முகப்பு, சமஸ்தான நிர்வாகி அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் காலத்தில், கடந்த நூற்றாண்டில், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. புகைப்படமாகக் காட்டினால் கல்லின் நிறத்தையும் ஒட்டையும் பார்த்து யாராவது ஒரு மாணவி “இது ஏன் சார் வேற மாதிரி இருக்கு?” என்று கேட்க வாய்ப்புண்டு. சின்னமாகச் சுருக்கிவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. பாறையும் ஒட்டுத்தூணும் ஒரே கறுப்புக் கோடாகிவிடுகின்றன.

பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டாமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எது தெளிவாகத் தெரிய வேண்டும்? குமிழித் தூம்பை வரைந்தவர் ஒரு வேலையை, நீர் போகும் வழியைத் தெளிவாக்கினார். ஆடற்பெண்ணுக்குக் கால் வரைந்தவர் நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் காட்டினார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே திரையில், ஒரே அதிகாரத்தோடு வருகின்றன. சந்தேகப்பட அதற்கு எந்தத் தடயமும் இல்லை.

அதோடு ஸ்லைடு ஓரிடத்தில் கிடக்கும் பொருளும் இல்லை. வாட்ஸாப் குழுவில் போகிறது, மூலையில் இருந்த ஆடற்பெண்ணை மட்டும் ஒருவர் வெட்டி எடுத்து அழைப்பிதழில் வைக்கிறார், இன்னொருவர் பள்ளிச் சுவரில் வரையச் சொல்கிறார். ‘குகை ஓவியத்தை ஒட்டி வரைந்தது’ என்று முதல் ஸ்லைடின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த வரி முதல் வெட்டிலேயே போய்விடுகிறது. அடுத்து வரைகிறவர் சித்தன்னவாசலுக்குப் போவதில்லை, அந்தச் சுவரைப் பார்த்து வரைகிறார். அவர் படத்தில் சலங்கைக்கு இன்னும் இரண்டு வரிசை மணி கூடுகிறது. இப்படிப் போனால் கொஞ்ச நாளில் தூணில் இருக்கும் உண்மையான ஓவியத்தைப் பார்க்க வரும் பிள்ளை, “இதில் பாதியைக் காணோமே” என்று ஏமாந்து திரும்பும். அந்தப் பிள்ளைக்கு நகல்தான் முழுசு, மூலம் குறை.

அழிவிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்கிறவர்கள் அழிவையும் சேர்த்து வரைய வேண்டும். பெயர்ந்த இடத்தை வெள்ளையாக விடலாம், ஊகித்த கோட்டை விட்டுவிட்டுப் போடலாம், படத்துக்குப் பக்கத்தில் புகைப்படத்தை வைக்கலாம். பவர்பாயின்டில் கோட்டைத் தேர்ந்தெடுத்து ‘டேஷ்’ என்று மாற்ற ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிகூடச் செலவிடாத ஸ்லைடுகளுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி மரபுக் காவலர் என்று அழைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.