ஹெர்த்தா கேட்ட கேள்வி

சுவீடன் தேசத்துப் பிரெட்ரிக்கா பிரெமர் அம்மையார் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹெர்த்தா’ என்னும் நாவலைக் கதைச் சுவைக்காக மட்டும் எடுப்போர் பாதியிலேயே மூடிவிடக் கூடும். கதாநாயகி வாய் திறந்தால் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். அன்பன் அருகிருக்கும்போதும் பிரசங்கந்தான். இக்குறையை மறைத்துப் பயனில்லை. ஆயினும், வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் சட்டம் மாறுவதற்குத் துணைநின்ற நூலில் பிரசங்கத்துக்கு மேலும் ஏதோ இருத்தல் வேண்டுமன்றோ?

அக்காலச் சுவீடனில் மணமாகாத பெண், தலை நரைத்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு மைனரே. தந்தையோ, தமையனோ, வேறோர் ஆண் உறவினரோ அவளுக்குக் கார்டியன். தன் பங்குச் சொத்தைத் தானே ஆளுதற்கு அவளுக்கு உரிமையில்லை. மணந்தால் அந்த அதிகாரம் கணவன் கைக்குப் போகும். அவன் இறந்த பின்னரே, கைம்பெண்ணான பின்னரே, அவள் மேஜர்! இந்த விந்தையை மனத்திற்கொண்டு நாவலைப் படித்தல் வேண்டும்.

ஹெர்த்தாவின் தந்தை டைரக்டர் பால்க் கருமி, வீட்டில் சர்வாதிகாரி. அவளுடன் பிறந்த அல்மா, விரும்பியவனை மணக்கத் தந்தை இசையாமையால் நாளுக்கு நாள் நலிந்து மடிகிறாள். அவளைக் கொன்றது நஞ்சுமன்று, வாளுமன்று. ‘முடியாது’ என்ற ஒரு சொல். மேரி ஹோவிட் அம்மையார் அதே ஆண்டில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு கைக்கு எட்டுமாயின், நேயர்களே, அல்மாவின் மரணம் வரையிலேனும் படித்துவிடுங்கள். பெற்ற தந்தையை வெறுக்கும் நிலைக்குத் தான் வந்துவிட்டதை ஹெர்த்தா கண்டு அஞ்சும் இடம், நூலின் நீண்ட சொற்பொழிவுகள் அனைத்தினும் வலியது. நான் எதற்காகப் பிறந்தேன், யாருக்குப் பயன்படுகிறேன் என்னும் அவள் கேள்வி ஏட்டுத் தத்துவமாக அங்கே நிற்கவில்லை. நோயாளியின் கட்டிலருகே எழுகிறது. பின்னர் அவள் இளம்பெண்களுக்கு ஒரு பள்ளி நடத்தி, தன்னால் ஆவது எதுவெனத் தேடும்படி ஒவ்வொருத்தியையும் தூண்டுகிறாள்.

எமக்கு உடன்பாடில்லாதது ஒன்றுண்டு. எஞ்சினியர் இங்வேயை மணக்கத் தந்தையின் இசைவை நாடி ஹெர்த்தா பல்லாண்டு காத்திருக்கிறாள். அவன் சாகும் தறுவாயிற்றான் மணம் நிகழ்கிறது. இதனைப் பொறுமை எனப் புகழ்வாருளர். ஆனால் பிரெமர் அம்மையாரே அவ்வாறு காத்திருக்கவில்லையே! தம் சகோதரரின் கார்டியன் அதிகாரத்தினின்று தம்மை விடுவிக்குமாறு அரசருக்கே விண்ணப்பித்து உரிமை பெற்றவர் அவர். தாம் செய்ததைத் தம் கதாநாயகி செய்ய ஏன் விடவில்லை? ஹெர்த்தா வீட்டைவிட்டு ஓடியிருப்பின், அக்காலத்து வாசகர் பெண்ணைத் தூற்றிச் சட்டத்தை விடுதலை செய்திருப்பர். அவளிடம் ஒரு குற்றமும் இல்லையாயின் பழி முழுவதும் சட்டத்தின் தலையிலேயே விழும். வக்கீலின் வாதமாக இது கெட்டிக்காரத்தனம். ஆனால் வாதம் வெல்லும்பொருட்டு ஓர் உயிருள்ள பெண் பாதி பதுமையாகிவிட்டாள்.

வாதம் வென்றதென்னவோ உண்மை. சட்டத் திருத்தம் முன்பே பேச்சில் இருந்தது. நாவல் எழுப்பிய விவாதம் அதற்கு வேகம் தந்தது. ஆசிரியரோ அப்போது அயல்நாடுகளில் யாத்திரை செய்துகொண்டிருந்தார். 1858இல், 25 வயதடைந்த மணமாகாத பெண் கோர்ட்டில் விண்ணப்பித்து மேஜராகலாம் என்றாயிற்று. 1863இல் விண்ணப்பமும் வேண்டாவாயிற்று. 1884இல் வயது 21 ஆகக் குறைந்தது. 1861இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஆசிரியைகளைப் பயிற்றும் உயர்தரக் கலாசாலை தோன்றியது. 1914 முதல் மாதர் பத்திரிகை ஒன்றே ‘ஹெர்த்தா’ என்னும் பெயர் தாங்கியது.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு பொறி இருந்தது. உரிமை பெற்ற பெண் மணம் செய்துகொண்டால் மீண்டும் மைனர், கணவனே கார்டியன். 1920ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்நிலை நீங்கவில்லை. நாவலும் அவ்விடத்திற்றான் நழுவிவிடுகிறது. ஹெர்த்தாவை மகளாகக் கண்டோம், ஆசிரியையாகக் கண்டோம், கைம்பெண்ணாகவும் கண்டோம். கணவன் நலமாய் உயிரோடிருக்கும் வீட்டில், அவன் கையிலிருக்கும் தன் பணத்தையும் தன் பள்ளியையும் குறித்து அவள் என்ன செய்திருப்பாள் என்பதற்கு இந்நூலில் ஒரு பக்கமும் இல்லை.