பிடிமானத்தின் இலக்கணம்

செங்கோட்டையைக் கடந்து, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையில், ஆனி மாதத்துச் சாரல் முதன்முதலாக விழுந்த ஒரு மாலைப்பொழுதில், தென்காசியில் வாடகைக் கார் ஓட்டும் என் மாமா ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து நான் பிரயாணம் செய்ததுண்டு. 'எஸ்' வளைவு கண்ணுக்குத் தெரியுமுன்பே அவர் வேகத்தைத் தணித்துவிட்டார். காரணம் கேட்டேன். "புது மழைல்லா மருமவனே. ரோட்டுல கெடக்க ஆயிலெல்லாம் மேல மிதக்கும். ரெண்டு நாள் நல்லாக் கழுவிவிட்ட பொறவு பயமில்ல, இப்பந்தான் வண்டி வால் ஆட்டும்" என்றார்.

உராய்வைப் பற்றி அவர் எந்தச் சாஸ்திரத்தையும் பயின்றவர் அல்லர். ஆயினும் அதன் சாரத்தை அவருடைய உடம்பு அறிந்திருந்தது. கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளைச் சிருஷ்டிப்போர் பல்லாண்டுகளாகக் கணக்குகளில் வடித்தெடுக்க முயல்வதும் இந்த அறிவையே. அம்முயற்சியில் கிளைத்த மரபுகளையும், அவற்றை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலையும் ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபுகள் மூன்று எனலாம். முதலாவது உல்லாச மரபு. 1982இல் நாம்கோ வெளியிட்ட 'போல் பொசிஷ'னும், 1986இல் சேகா வெளியிட்ட 'அவுட் ர'னும் இதன் மூலவர்கள். இங்கே காருக்கு எடை என்பது பெயரளவில்தான். சாலை நம்மை நோக்கி ஓடிவரும், நாம் விலகிக்கொள்வோம். இதைக் குறையாகச் சொல்வது முறையன்று. ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்பவன், விழும் நீர் எத்தனை கன அடி என்று விசாரிப்பதில்லை.

இரண்டாவது இடைநிலை மரபு. யமவுச்சி கஸுனோரியின் தலைமையில் 1997இல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ', தெருவில் ஓடும் சாதாரணக் கார்களையும், அவற்றின் ஸ்பிரிங்கையும் கியர் விகிதத்தையும் மாற்றிப் பார்க்கும் வசதியையும் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. 2008இல் இதை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிய, விளையாடுவோரை நிஜப் பந்தயக்காரராக்க முனைந்த 'ஜி.டி. அகாடமி' போட்டியின் முதல் வெற்றியாளரான லூகாஸ் ஓர்தோன்யெஸ், 2011இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார் என்பது இம்மரபுக்குக் கிடைத்த பெருமை.

மூன்றாவது பாவனை மரபு. பபைரஸ் நிறுவனம் 1998இல் ஆக்கிய 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்', இறக்கைகள் பூட்டப்படாத 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்களைத் தேர்ந்துகொண்டு, காற்றழுத்தத்தின் துணையின்றி டயரின் பிடிமானம் ஒன்றையே நம்பி ஓடும் அனுபவத்தைத் திரையில் நிறுத்த முனைந்தது. 2004இன் 'ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி' சரளைக்கும் சேற்றுக்கும் அதே உழைப்பைச் செலுத்தியது. 2008இல் வந்த 'ஐரேசிங்' பந்தயத் தடங்களை லேசர் ஒளியால் அளந்து, காரின் இயக்கத்தை விநாடிக்கு 360 முறை கணக்கிடுகிறது. 2014இல் இத்தாலியிலிருந்து வந்த 'அசெட்டோ கோர்ஸா'வும் இக்குலத்ததே.

தமிழ்நாட்டார்க்குக் கார்ப் பந்தயத்தின்மீது இந்தச் சிரத்தை புதிதன்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், யுத்தகாலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தைக் கண்டது. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு, மத்தியதர வர்க்கத்து இளைஞனும் எட்டிப்பிடிக்கக்கூடிய 'ஃபார்முலா மாருதி'யை 1988இல் ஏற்படுத்தினார். அதே கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். செலவைக் குறைத்து வித்தையைப் பரப்பவேண்டும் என்ற கரிவரதனுடைய நோக்கத்தையே, மேசையில் பூட்டிய ஒரு ஸ்டீயரிங் இன்று மற்றொரு வழியில் நிறைவேற்றுகிறது.

இனி, சரக்கு இருக்கும் இடமாகிய டயருக்கு வருவோம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் பிறக்கிறது. அக்கோணம் வளர வளரப் பிடிமானமும் வளர்ந்து, ஓர் உச்சியைத் தொட்டு, பின்னர் சரிகிறது. இவ்வளைகோட்டைச் சமன்பாட்டில் அடக்கியவர்களுள் முதன்மையானவர் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்கா. பல விளையாட்டுகளின் அஸ்திவாரம் அவருடைய சூத்திரமே. மற்றொரு நியதியும் உண்டு: டயரின்மீது பாரத்தை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியாகிய ஆன்டி-ரோல் பாரை முன்பக்கத்தில் கடினமாக்கினால், வளைவில் வெளிப்புறத்து முன்சக்கரம் அளவுக்கு மீறிச் சுமக்க, முன்சக்கரங்கள் இரண்டின் மொத்தப் பிடிமானம் குறைந்து, கார் திரும்ப மறுத்து நேரே ஓடப் பார்ப்பது இந்நியதியின் விளைவே.

ஆகவே ட்யூனிங் என்பது கொடுக்கல் வாங்கல். வீல் அலைன்மென்ட் கடைக்காரர், டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருப்பதை விரலால் தடவிப் பார்த்ததும், "கேம்பர் ஓவரா உள்ள சாஞ்சிருக்கு" என்று கூறிவிடுகிறார். திரையிலும் அவ்வாறே, கேம்பரை உள்நோக்கி மிகச் சாய்த்தால் வளைவில் லாபமும், நேர்ப்பாதையில் பிரேக் பிடிக்கையில் நஷ்டமும், உள்விளிம்பில் சூடும் காணவேண்டும். நான் ஆடிப்பார்த்த ஒரு விளையாட்டில் டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டே போகப் போக, சுற்றை முடிக்கும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. காற்றிறங்கிய டயர் துவண்டு, சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்டு, சூடேறித் தேயும் என்பதைப் பஞ்சர் ஒட்டும் சிறுவனும் அறிவான். விலையின்றி வரம் தரும் கணக்கு பொய்க்கணக்கு.

கடினமாக இருப்பதே யதார்த்தம் என்று கருதுவோர் ஒரு சாரார். தொட்டால் சுழன்றுவிடும் காரை அவர்கள் மெய்யென்று கொண்டாடுகின்றனர். இலக்கண விதிகளுக்குப் பொருந்துவதால் மட்டும் ஒரு செய்யுள் கவியாகிவிடாது என்பதை ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு உணர்த்திவந்தார். இங்கும் கணக்கின் நுட்பம் அனுபவமாக நம்மை வந்தடையவேண்டும். கார் தடம் புரண்டபின், ஏன் புரண்டது என்று ஓட்டியவன் சொல்லக்கூடியவனாய் இருக்கவேண்டும். நிஜக் காரில் முன் டயர்கள் பிடிமானத்தின் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே, ஸ்டீயரிங்கை நேராக்கத் துடிக்கும் விசை தளர்ந்து, கையில் ஒரு லேசு தட்டும். அந்த எச்சரிக்கையை உரிய தருணத்தில் கொடுக்கும் விளையாட்டே, என் அளவில், மூன்றாம் மரபில் வைத்து எண்ணத்தக்கது.

சென்ற சாரல் சீசனில் மாமாவை என் மேசைக்கு முன் உட்காரவைத்தேன். முதல் இரண்டு வளைவுகளில் அவர் புல்தரையில் இறங்கினார். மூன்றாவதில், நான் எதுவும் சொல்லாதிருக்கவே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தார். கார் அடங்கி வளைவுக்குள் வந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஸ்டீயரிங் லேசாச்சுல்லா" என்றவர், நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்காட்டி, "ஆனா சீட்டு ஒண்ணும் சொல்ல மாட்டங்கு மருமவனே, கை மட்டுந்தான் பேசுது" என்றார்.