மலை கண்டோரும் காணாதோரும்

மலையைப் பாடுதல் எளிது. மலையைக் கண்டபின் பாடுதல் அரிது. காணாதவன் உள்ளத்திலே மலை அவன் வேண்டியவாறே உயர்ந்து நிற்கும். கண்டவனுக்கோ உள்ளத்து மலையொன்று, கண்ணெதிர் மலையொன்று என இரு மலைகள் உள. அவை தம்முள் ஒவ்வாதவிடத்துப் புலவன் யாது செய்தான் என்பதே பயணக் கவிதையின் உரைகல் எனலாம். அல்ப்ஸ் மலைநாட்டைப் பாடிய ஆங்கிலப் புலவர் மூவரை அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

1790ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கேம்பிறிஜ் மாணவராயிருந்த வேட்ஸ்வேர்த், றொபேட் ஜோன்ஸ் என்னும் நண்பருடன் பிரான்சு, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளூடே கால்நடையாகச் சென்றார். மொன் பிளாங் சிகரம் முதன்முறையாகக் கண்ணிற் பட்டபோது அவருக்கு உவகை பிறக்கவில்லை, துயரமே பிறந்தது. உள்ளத்தில் உயிரோடு வளர்ந்திருந்த மலையின் இடத்தை உயிரற்ற உருவமொன்று கவர்ந்துகொண்டது என்பதே 'பிறெலூட்' காவியத்தின் ஆறாம் பகுதியில் அவர் கூறுஞ் செய்தி. பின்னர்ச் சாமொனிப் பள்ளத்தாக்கில், உறைந்த பேராறுகளாய்ப் பனிக்கட்டியாறுகள் நிற்க, அவற்றின் அயலிலே கதிர்க்கட்டுக் கட்டும் உழவனையும் வெயிலில் உலர்புல் பரப்பும் பெண்ணையும் கண்டபோதே அவர் உள்ளம் உண்மையோடு இணங்கியது.

இதனினும் பெரிய ஏமாற்றம் சிம்பிளன் கணவாயில் நேர்ந்தது. வழி தவறிய நண்பரிருவரும் சிகரம் இன்னும் மேலேயுள்ளது என்று எண்ணி ஏறிச் சென்றனர். எதிர்ப்பட்ட குடியானவன் ஒருவன், திரும்பி ஆற்றோடு கீழ்நோக்கிச் செல்லுமாறு கூறினான். அல்ப்ஸை அவர்கள் முன்னரே கடந்துவிட்டார்கள்! எதிர்நோக்கி நடந்த பெருங்கணம் அறியாமலே கழிந்துபோயிற்று. இதனைப் பிறிதொருவர் மறைத்திருப்பர். அன்றேல் பொய்யானதொரு வியப்பைப் புனைந்திருப்பர். வேட்ஸ்வேர்த்தோ 1804இல் அவ்விடத்தைப் பாடுங்கால், அவ்வெறுமையை அப்படியே வைத்து, அதனின்றே கற்பனையாற்றலை விளித்துப் பேசுகின்றார். அதன்பின்னரே இறங்குவழியிலுள்ள மலையிடுக்கின் காட்சி விரிகின்றது. அழிந்துகொண்டேயிருந்தும் அழியாத காடுகளும், விழுந்துகொண்டேயிருந்தும் நிலைபெற்ற அருவிகளும் ஒரே மனத்தின் செயல்களெனத் தோன்றுகின்றன.

தொல்காப்பியர் மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் தோன்றும் என்பர். ஒன்று மற்றொன்றாய்த் திரிதலை ஆக்கம் என உரையாசிரியர் விளக்குவர். மொன் பிளாங்கின் பெருமை வேட்ஸ்வேர்த்துக்கு மருட்கை தரவில்லை. மலையிடுக்கின் ஆக்கமே தந்தது. பருமனைக் கண்டு வியத்தல் வேறு, மாற்றத்தைக் கண்டு வியத்தல் வேறு என்னும் நுட்பம் இங்கே புலனாகின்றது.

கோல்றிஜ் 1802இல் வெளியிட்ட சாமொனி வைகறைப் பாடலோ இதற்கு மாறானது. அவர் சாமொனிக்குச் சென்றவரல்லர். ஜேர்மன் மொழியிற் பாடிய பிறிடறிக்கா புறூன் அம்மையாரின் கவிதையே அதற்கு மூலம். அக்கடனை அவர் வெளியிடவில்லை. டி குவின்சி 1834இல் அதனை எடுத்துக்காட்டினார். பாடலின் ஓசை கம்பீரமானதே. காணாததைப் பாடுதலும் குற்றமன்று. ஆயினும், கண்டு நின்றவன்போலக் குரலெழுப்பும் அப்பாடலில் மலை ஓரிடத்தேனும் புலவனை மறுத்துப் பேசவில்லை. அருவி, பனி, இடி யாவும் வேண்டிய விடையையே தருகின்றன. பக்தியின் மிகுதி அன்று, தடையின்மையே அதன் குறை.

ஷெல்லி 1816 யூலையிற் சாமொனியை நேரிற் கண்டார். அந்நாளிற் பனிக்கட்டியாறுகள் முன்னேறிக்கொண்டிருந்தன. உலகம் ஒருநாள் உறைந்துபோகும் என்னும் பியூபொனின் கொள்கையை அவர் தம் கடிதத்திற் குறிப்பிடுகின்றார். அவரது 'மொன் பிளாங்' கவிதையிலே பனி ஊர்ந்துவந்து உயிர்களின் உறைவிடங்களை விழுங்குகின்றது. மனிதர் அஞ்சி அகல்கின்றனர். வேட்ஸ்வேர்த் இறுதியில் மலையைத் தம் மனத்துள் அடக்கிவிடுகின்றார். ஷெல்லியோ மனத்துக்கும் மலைக்குமுள்ள தொடர்பை வினாவாகவே விட்டு முடிக்கின்றார். இவ்வகையில் ஷெல்லியின் நேர்மை ஒருபடி மேலானது.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சுவைக்குரியதன்று. ஷெல்லி அஞ்சிய பனி இன்று பின்வாங்குகின்றது. 1909இல் மொன்ரன்வேர் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட காலத்தில் இருந்ததினும், சாமொனியின் மேர் டி கிளாஸ் பனிக்கட்டியாற்றின் மேற்பரப்பு அங்கே நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. 2022, 2023 ஆகிய ஈராண்டுகளில் மாத்திரம் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை இழந்தன. இனி அந்நாட்டுக்குச் செல்வோர் அப்புலவர் கண்ட காட்சியைக் காணார். காட்சி மறையுமிடத்துக் கவிதை சான்றாகின்றது. சான்று கூறுவோன் கண்டதையும், காண விரும்பிக் காணாது போனதையும் பிரித்துக் கூறுதல் வேண்டும். தம் ஏமாற்றத்தை ஒளியாது உரைத்த வேட்ஸ்வேர்த்தின் சொல்லையும், தம் அச்சத்தை ஒளியாது உரைத்த ஷெல்லியின் சொல்லையும் வருங்காலம் நம்பும். கோல்றிஜின் பாடலை அது ஓசைக்காகப் போற்றும், சான்றாகக் கொள்ளாது.