மோட்டாருக்கு உண்டு, மதினிக்கு இல்லை

“மோட்டார் ஒர்க் ஆகுதா?” “ஆகுது.”

“மதினி ஒர்க் பண்றாங்களா?” “இல்ல, வீட்லதான் சும்மா இருக்காங்க.”

கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கெங்குவார்பட்டியில் இந்த இரண்டு கேள்விகளும் இயல்பாகக் காதில் விழும். மும்முனைக் கரண்ட் வரும் நடுச்சாமத்தில் எழுந்துபோய் அந்த மோட்டாரைப் போட்டுவிடுவது பல வீடுகளில் அந்த மதினிதான்.

ஆங்கிலத்தில் ‘ஒர்க்’ பரந்த சொல். சம்பள வேலை, வீட்டு வேலை, கலைப்படைப்பு, இயந்திரத்தின் இயக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழுக்கு வந்ததும் இரண்டு துணைவினைகளைக் கொண்டு அதைக் கூறுபோட்டோம். ‘ஒர்க் ஆகுது’ என்பது செல்போனுக்கும் மிக்சிக்கும். ‘ஒர்க் பண்றாங்க’ என்பது மாதச் சம்பளக்காரருக்கு. களையெடுக்கிறவள், மாந்தோப்பில் காய் பொறுக்குகிறவள் இரண்டிலும் சேரவில்லை. அவள் ‘கூலிக்குப் போகுது’. வினைமுற்றிலேயே அவள் அஃறிணை. சமைத்து, துவைத்து, மாமியாரைக் குளிப்பாட்டுகிறவளுக்கு மிஞ்சியது ‘சும்மா’. வர்க்கமும் சாதியும் பால்பேதமும் ஒரு கடன்சொல்லுக்குள் இத்தனை கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன.

இது ஊர்ப்பேச்சு மட்டுமன்று. 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வரையறைப்படி, வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் உற்பத்தி செய்தாலும் அது வேலை. அந்தப் பாலைக் காய்ச்சி, ஆற்றி, பிள்ளைக்குப் புகட்டுவது வேலையில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகளோடு ஒரே தொகுப்பில் வைத்த கணக்கெடுப்பை 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது.

‘இல்லத்தரசி’ என்று மாற்றிச் சொன்னால் சரியாகிவிடுமா? அரசிக்கு யாரும் கூலி தருவதில்லை. கிரீடத்தைக் கொடுத்து உழைப்பை மறைக்கும் சொல் அது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்தின் பெயரில் ‘உதவி’ இல்லை, ‘உரிமை’ இருக்கிறது. தொகை சிறிது என்றாலும் அந்தச் சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம்மிடமே ‘பாடு’ என்றொரு சொல் உண்டு. உழைப்பும் வலியும் சேர்ந்த சொல். அதிலிருந்து ‘பாட்டாளி’யை உண்டாக்கி ஆலைக்கும் வயலுக்கும் கொடுத்தோம். அடுப்படிக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. மதினி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், “பாடுபடுகிறார்” என்று பதில் சொல்லத் தொடங்கலாம்.