முந்திரி இல்லாவிட்டால்?

மாதக் கடைசி. ராத்திரி எட்டரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. தோழிகள் இரண்டு பேரோடு வேளச்சேரியில் வாடகை வீடு.

“மாமா, சமைக்கலாம்னு பார்த்தனுங்க. ‘பத்தே நிமிஷத்துல பேச்சிலர் ஸ்பெஷல்’னு ஒரு வீடியோ. அதுல கேக்கறதுல பாதி சாமான் இங்க இல்ல. பிஸ்கட் தின்னுட்டு படுத்துக்கறேன். அம்மாகிட்ட சொல்லிப்போடாதீங்க.”

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். நல்ல வெளிச்சம், புது வாணலி, பின்னணியில் புல்லாங்குழல். பனீரில் ஏதோ ஒரு மசாலா. மறுநாள் கடைக்குப் போனபோது சும்மா இருக்க முடியாமல் அதற்கான விலையைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். பனீர் 95, க்ரீம் 70, வெண்ணெய் 62, முந்திரி 55, குடமிளகாய் 40, கசூரி மேத்தி 35. ஆக 357 ரூபாய். எந்த பேச்சிலரின் ஸ்பெஷல் இது? நான் பேச்சிலராக திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது மாதக் கடைசியில் ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்தோம்.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ‘இறுதிச் சரக்கிருப்பு’ மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த 357 ரூபாயில் அன்றைக்கு வாணலிக்குள் போவது பாதிதான். மீதி க்ரீம் நாலு நாள் ஃபிரிட்ஜில் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். கசூரி மேத்தி வீடு காலி செய்யும் வரை டப்பாவில் தூங்கும். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தச் சரக்கிருப்பை எந்தக் கணக்கிலும் காட்டுவதில்லை.

வீடியோவை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். வாரப் பத்திரிகைகளோடு வரும் இலவச இணைப்புகளும் (இதையும் சேர்த்துத்தான், ஆசிரியர் வெட்டாமல் விட்டால்) இதே ஜாதிதான். அட்டையில் ‘எளிய’ என்று இருக்கும். உள்ளே ‘தேவையானவை’ என்று பதினெட்டு அயிட்டம். எளிமை என்பதை இவர்கள் கடிகாரத்தை வைத்து அளக்கிறார்கள். பர்ஸை வைத்து அளப்பதில்லை.

அந்தக் கடிகாரமாவது ஒழுங்காக ஓடுகிறதா? ‘உரித்த சின்ன வெங்காயம் ஒரு கப்’ என்று போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் பத்து நிமிஷத்தை எண்ண ஆரம்பிக்கிறார்கள். ஒரு கப் சின்ன வெங்காயம் உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது, கண்ணீர் தனி. எங்கள் வீட்டில் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து உரிப்பார். மூலப்பொருள், கூலி, மேற்செலவு மூன்றும் சேர்ந்ததுதான் அடக்கவிலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ‘வீட்டுச் சாப்பாடு எவ்வளவு மலிவு பாருங்கள்’ என்று எழுதுகிற நாங்கள் எல்லோரும் கூலி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் கணக்கை முடிக்கிறோம். அம்மாவுக்குப் போன வருஷம் மணிக்கட்டு எலும்பு முறிந்து, வெங்காயம் என் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

எஸ்.மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தது 1951-ல். ஆழாக்கு, பலம் என்று அந்தக் காலத்து அளவுகளில் எழுதிய புத்தகம். அதன் எல்லை குறுகியது. தமிழ் பிராமண வீட்டு சைவச் சமையல்தான், கறி மீனுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. அடுப்படிப் பக்கமே வராதவளும் செய்துவிட வேண்டும் என்ற அக்கறையோடு அளவு, பக்குவம் எல்லாம் சொல்கிறார். தலைப்பிலேயே இரண்டு வார்த்தை, இரண்டும் வேலை செய்கின்றன. இன்றைய வீடியோக்களில் ‘சமைத்து’ போய், ‘பார்’ மட்டும் மிச்சம்.

இவர்கள் எல்லோரிடமும் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல், எதை விடலாம் என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான். பணம் குறைவாக இருக்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதானே?

அன்று ராத்திரி, “என்னதான் கண்ணு இருக்குது அங்க?” என்று கேட்டேன். அரிசி, துவரம்பருப்பு, இரண்டு பெரிய வெங்காயம், பூண்டு, அஞ்சறைப்பெட்டி. இதை வைத்துக்கொண்டா பிஸ்கட்? கொங்குப் பக்கத்துப் பெண். அரிசிம்பருப்பு தின்றே வளர்ந்தவள். ஆனால் ஒரு நாளும் செய்ததில்லை. செய்ய விட்டதும் இல்லை, ‘நீ போய்ப் படி’ என்று விரட்டியது நாங்கள்தான்.

ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு பருப்பு. இரண்டையும் கழுவி ஊறப்போடு. குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், தட்டிய மிளகு, வரமிளகாய். தட்டிய பூண்டும் வெங்காயமும் வதங்கியதும் மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில்.

“சின்ன வெங்காயம் இல்லீங்களே?” பெரியதைப் போடு, ருசி ஒரு படி இறங்கும், பரவாயில்லை. “தக்காளி?” விடு. “தேங்காய்ப் பல்லு?” விடு. “நெய்?” சம்பளம் வரட்டும். “பூண்டு உரிக்கச் சோம்பலா இருக்குது, சீரகம் மட்டும் போதுமா?” அங்கேதான் நான் நின்றேன். பூண்டு, சீரகம், மஞ்சள் மூன்றையும் விட்டால் அது பருப்புக் கஞ்சி. மற்றதெல்லாம் வந்தால் வரவு.

கணக்கும் போட்டேன். அரிசி 12, பருப்பு 10, எண்ணெய் 5, வெங்காயம் 4, பூண்டு 3, பொடி வகையறா 3, கேஸ் 3. நாற்பது ரூபாய். ராத்திரிக்கும் மறுநாள் டிபன் பாக்ஸுக்கும் சேர்த்து. இதே பருப்பை அக்கா ஊரில் ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்குகிறாள். மகள் இங்கே 140 கொடுக்கிறாள், கார்டு ஊரில் இருக்கிறதே. கூலிக் கட்டத்தை இந்தத் தடவையும் காலியாகத்தான் விட்டேன். நாற்பது நிமிஷம் நின்று செய்தவளுக்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதே காலுக்கு போட்டோ வந்தது. தட்டில் மஞ்சளாக, கொஞ்சம் தளதளவென்று.

“தண்ணி ஜாஸ்தியாயிருச்சுங்க மாமா. அப்பளமும் இல்ல.”

“விடு கண்ணு, சாப்பிடு. சூடா இருக்குதா?”

பதில் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.