சேர்வராயன் மலையில் அளவுகோல்

மக்களின் உடலமைப்பை அளந்து அவர்தம் குலவழியைத் துணியலாம் என்னுங் கொள்கை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலோங்கி நின்றது. அதன்வழி நின்று, சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலைவாழ் மலையாளிகளை அளந்தார். அவ்வாய்வு 1899இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. 1909இல் க. ரங்காசாரியின் துணையுடன் அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் ஏழு தொகுதி நூலிலும் இம்மக்கள் பேசப்படுகின்றனர். ஈண்டு ‘மலையாளி’ என்பது சேரநாட்டாரைச் சுட்டாது. தமிழ் பேசும் மலைக்குடியினரையே சுட்டும். நம் ஆய்வாளர் பலரும் இந்நூலை மேற்கோளாகக் கொள்ளுதலின், அதன் சான்று வலிமையை ஆராய்தல் கடனாகும்.

முதற்கண், அளக்கப்பெற்றோர் யாவர்? பெண்டிர் உடன்பட மறுத்தனர் என்றும், ஆடவன் ஒருவன் அளவுக்கு உட்படுவதினும் கழுத்தறுபடுதல் நன்றெனக் கூறி ஓடினான் என்றும் தர்ஸ்டனே எழுதுகிறார். ஒளிப்படக் கருவியை நில அளவைக் கருவியென மக்கள் அஞ்சினர். அவர் நிலத்தைக் கைக்கொள்ள வந்த அதிகாரி என்றும், தம்மை அந்தமானுக்கு அனுப்புவர் என்றும் ஐயுற்றனர். இவற்றை அவர் மூடநம்பிக்கையின்பாற் படுத்துகிறார். நிலவரித்திட்டம் நடந்த காலத்தில், அளவுகோலுடன் வந்த அரசு அலுவலரை உழுகுடிகள் ஐயுற்றது மடமையாகாது. எனவே, அவர் பெற்ற எண்கள் இசைந்த ஆடவர் சிலருடையனவேயன்றி, ஒரு குடியின் வடிவமாகா.

இனி, அந்நூலே இம்மக்கள் காஞ்சியிலிருந்து சில தலைமுறைகட்கு முன் மலையேறினர் என்னும் மரபுரையைத் தருகிறது. உடன்பிறந்தார் மூவருள் மூத்தவன் வழியினர் சேர்வராயன் மலையினர் என்ப. அம்மரபு மெய்யாயின், சமவெளியாரினின்று இவர் வேறுபடும் இடங்களுட் சில, மலையின் தட்பவெப்பம், உணவு, உழைப்பு ஆகியவற்றான் அமைந்திருத்தல் கூடும். பொய்யாயின், அதனை மறுக்க அளவுமட்டும் போதாது. பிறப்பால் வந்ததையும் வாழ்விடத்தால் வந்ததையும் ஓரெண் பிரித்துக் காட்டாதாகலின்.

மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்துப் பெறும் எண்ணைக் குலவுயர்வுக்கு அடையாளமாக்கினார் ரிஸ்லி. அவ்வெண் வெப்பத்தோடும் ஈரத்தோடும் இயைந்து மாறுவதை 1923இல் தாம்சனும் பக்ஸ்டனும் காட்டினர். அதற்கு முன்னரே பிரான்ஸ் போவாஸ், நியூயார்க்கிற் குடியேறியோரையும் அவர்தம் மக்களையுமாக ஏறத்தாழ 18,000 பேரை ஆராய்ந்து, தலைவடிவமும் சூழலால் மாறும் என்றார். மாற்றத்தின் அளவு குறித்து 2002, 2003ஆம் ஆண்டுகளில் மறு ஆய்வாளர் மாறுபட்டனர். உடலமைப்பில் மரபின் பங்கு பெரிதாயினும், இளமையுணவும் நோயும் உழைப்பும் தம் பங்கைச் செலுத்துதல் ஐயமின்று.

தொல்காப்பியர் கருப்பொருளுள் உணவையும் தொழிலையும் எண்ணினார், உடலளவை எண்ணவில்லை. இதுகொண்டு அவர் உடலியற் கொள்கை வகுத்தார் என்றல் மிகையாகும். ஆயினும், நிலத்தோடு மக்களை இயைத்துக் காணும் அம்முறையில், மலைவாணரை அறியப் புகுவோர் கேட்கவேண்டிய வினா தெளிவாகிறது: அவர் மூக்கு யாது என்பதன்று, அவர் உண்பது யாது, செய்வது யாது என்பதே.

தமக்கு நேர்ந்த மறுப்பை மறையாது எழுதியமை தர்ஸ்டனின் நேர்மை. அப்பகுதி, மலைமக்கள் ஆட்சியை எதிர்கொண்ட வரலாற்றுக்குத் தக்க சான்று. அவர்தம் தோற்றுவாயைத் துணிதற்கு அவ்வளவுகள் சான்றாகா என்பதே இவ்வாய்வின் முடிபு.